பத்தூலியின் குளம்பு மிட்டாய்

நோன்பு பத்தாம் நாள் காலையில் பத்தூலி தன் வீட்டு வாசலில், சந்துக்கு நடுவே கரி அடுப்பை வைத்து, எட்டு மாட்டுக் குளம்புகளை வேகப் போட்டாள். அவள் வீட்டில் சமையலறை இருக்கிறது, நல்ல காஸ் அடுப்பும் இருக்கிறது. இருந்தாலும் வெளியில்தான் வைப்பேன் என்று நின்றாள். மொம்பாசாவில் மார்ச் மாதம் வெயிலே போதும், அடுப்பு வேறு வேண்டாம். ஊரே வெறும் வயிற்றோடு இருக்கும் நேரத்தில் குளம்புச் சாற்றின் வாசனை சந்து முழுக்கப் போய் ஒவ்வொரு ஜன்னலையும் தட்டியது.

குளம்புகளைச் சாக்கில் கட்டிக் கொண்டு வந்தவன் கசாப்புக் கடை பக்கரி. அவனையும் அவள் சும்மா விடவில்லை.

"யார் அறுத்த மாடுன்னு உரக்கச் சொல்லு."

"நான்தான்க்கா அறுத்தேன்."

"அல்லா பேரைச் சொல்லி, பிஸ்மி சொன்னியா?"

"என்னக்கா கேள்வி இது? பதினெட்டு வருஷமா அறுக்குறேன், சொல்லாம அறுப்பேனா?"

"என்கிட்ட சொல்லாதே. அங்க பார்த்துச் சொல்லு."

பக்கரி சந்தின் பக்கம் திரும்பி, பாதி சாத்தியிருந்த ஜன்னல்களைப் பார்த்து, பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் தோற்றுப் போகும் குரலில் தான் பிஸ்மி சொன்ன விவரத்தை அறிவித்துவிட்டுப் போனான். என் வீடு அவள் வீட்டுக்கு எதிர்வீடு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நான் எல்லாவற்றையும் பார்த்தேன். பார்க்கப் பிடிக்கவில்லை, ஏனென்றால் இந்தக் கூத்துக்கெல்லாம் மூல காரணம் நான்தான்.

போன வருஷப் பெருநாளன்று நடந்தது அது. பத்தூலியின் அண்ணன் மகன் ஜெர்மன் கப்பலொன்றில் சமையல் வேலை பார்க்கிறான். அவன் இரண்டு கிலோ ஜெல்லி மிட்டாய் அனுப்பியிருந்தான். சிவப்பு, பச்சை, மஞ்சள் நிறத்தில் குட்டிக் குட்டிக் கரடிகள். பெருநாள் காலையில் புதுத்துணி போட்டுக்கொண்டு வீடு வீடாக வரும் பிள்ளைகளுக்கு அவள் கை நிறைய அள்ளிக் கொடுத்தாள். காலிப் பை ஒன்று என் காலடியில் வந்து விழுந்தது. நான் முப்பது வருஷம் துறைமுகத்தில் பெட்டி எண்ணி எழுதிய கரானி. கையில் கிடைத்த எதையும் திருப்பிப் பார்த்துப் படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. ஜெர்மன் பெட்டிகளோடு பழகி அந்த மொழியில் பத்திருபது வார்த்தையும் தெரியும். அதில் ஒன்று பன்றி.

பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவளை உள்ளே கூப்பிட்டு மெதுவாகச் சொல்லியிருக்கலாம். அந்தச் சந்தில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆனால் என் வாய் சும்மா இருக்கவில்லை. "இதுல பன்னிக் கொழுப்பா என்னமோ போட்டிருக்கானே" என்று எல்லார் காதிலும் விழும்படி படித்தேன். அதுவும் தப்பு. எழுதியிருந்தது பன்றித் தோலில் எடுத்த ஜெலட்டின். படித்ததையாவது சரியாகப் படித்தேனா என்றால், அதுவும் இல்லை.

பக்கத்து வீட்டு நர்கீஸ் ஓடிவந்து தன் மகள் ஸ்வப்ராவின் வாயில் இரண்டு விரலை விட்டுத் தோண்டினாள். பிள்ளை புதுச்சட்டையிலேயே வாந்தி எடுத்தது. மற்ற தாய்மாரும் அதையே செய்தார்கள். பத்தூலி கிண்ணத்தோடு நின்ற இடத்திலேயே நின்றாள். தெரியாமல் தின்றதற்குக் குற்றமில்லை என்று இமாம் அன்றைக்கே வந்து சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். யாரும் அவளோடு சண்டை போடவில்லை, ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. அவள் வீட்டில் சாப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் சந்தில் தட்டு ஓரிடத்தில் நிற்காது. நோன்பில் மட்டுமல்ல, வருஷம் முழுக்க ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குத் தட்டு போகும். வந்த தட்டைக் காலியாகத் திருப்பி அனுப்புவது அநாகரிகம், எதையாவது வைத்துத்தான் அனுப்ப வேண்டும். அந்தப் பெருநாளோடு பத்தூலி வீட்டுக்குத் தட்டு வருவது நின்றது. அனுப்பினால் அவள் எதையாவது வைத்துத் திருப்பி அனுப்புவாளே, அதை என்ன செய்வது? அவள் வலிய அனுப்பினால் ஒருத்திக்கு வயிறு சரியில்லை, இன்னொருத்தி இப்போதுதான் சாப்பிட்டாள். எனக்குச் சர்க்கரை வியாதி வந்தது. பதினோரு மாதம் நானும் அந்த வியாதியை வைத்து ஓட்டினேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

பத்தூலிக்கு நாற்பத்தெட்டு வயது. கணவன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது, பிள்ளை கிடையாது. தொப்பிகளில் ஊசியால் கண் கண்ணாகத் துளையிட்டுப் பூவேலை செய்வது அவள் தொழில். ஒரு தொப்பிக்கு மூன்று மாதம் பிடிக்கும். அந்த வேலைக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். பொறுமையெல்லாம் தொப்பிக்கே போய்விடும்போலிருக்கிறது, அவள் நாக்குக்கு மிச்சமிருக்காது. முன்பெல்லாம் அவள் சமைத்ததைத் தின்றவர்கள் வாய்விட்டுக் குறை சொல்வார்கள், உப்பு, புளிப்பு, தேங்காய் அதிகம் என்று. அவளும் பதிலுக்கு நாலு கொடுப்பாள். அந்தப் பெருநாளுக்குப் பிறகு அவள் சமையலில் ஒருவரும் ஒரு குறையும் சொல்லவில்லை. சாப்பிட்டால்தானே சொல்வதற்கு.

"கடையில வாங்கின மிட்டாயால போன பேரு, கையால செஞ்ச மிட்டாயாலதான் திரும்பணும்" என்று அவள் என்னிடம் சொன்னாள். "அதே மாதிரி ஜெல்லி மிட்டாய். என் அடுப்புல, பக்கரி குளம்புல. பெருநாளன்னிக்கு எந்தப் பிள்ளையும் என் வாசல்ல கை நீட்டலேன்னா, வீட்டைப் பூட்டிட்டு லாமுத் தீவுக்கு, எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். சாவியை உங்ககிட்டதான் குடுப்பேன் கரானி. வெச்சுப் படிச்சுக்கிட்டே இருங்க."

கரடி மிட்டாயை வளைய வளைய நிற்க வைப்பது எதுவோ, அதுதான் குளம்புச் சாற்றை மறுநாள் கட்டியாக்குவதும். அந்த அளவு அவளுக்குத் தெரிந்திருந்தது. மற்றதெல்லாம் தட்டுத் தடுமாறிக் கற்றது. அதிலும் நோன்பு. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம், சமைப்பவர்களுக்கு அதில் தவறில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "என்னை ஏற்கெனவே ஒரு மாதிரியா பார்க்குறாங்க, பகல்ல வாயசைச்சா போதும்" என்றாள். அதனால் காலையில் கிண்டியது எப்படி இருக்கிறது என்பது மாலைப் பாங்கு சொல்லும்வரை தெரியாது. அதற்குள் விரலால் அழுத்துவாள், முகர்வாள், சுவரில் அடித்துப் பார்ப்பாள்.

முதல் தட்டு நன்றாக இறுகியது. அன்று மாலை நோன்பு திறந்ததும் ஒரு துண்டை நீட்டினாள். சர்க்கரை வியாதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வாங்கித் தின்றேன்.

"எப்படி இருக்கு?"

"குளம்பு சூப்புல சர்க்கரை போட்ட மாதிரி இருக்கு."

அவள் கோபிக்கவில்லை. முகத்தில் ஏதோ தெளிந்தது. "அப்பாடா, ஒருத்தராவது குறை சொன்னீங்களே" என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த தடவை குளம்புகளை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவினாள். முதல் கொதியின் தண்ணீரைக் கொட்டினாள். ஆறியதும் மேலே படிந்த கொழுப்பை வழித்து, முட்டை வெள்ளையை அடித்து ஊற்றிக் கசடு எடுத்து, துணியில் இரண்டு முறை வடித்தாள். சாறு வெறும் வெந்நீர்போல் தெளிந்தது. அதைப் பாதியாகச் சுண்டவைத்து, கொதிக்க வைத்த புளியையும் சர்க்கரையையும் சேர்த்தாள். இறுகியது, வாசனையும் போயிருந்தது. ஆனால் பழுப்பு நிறம். வாசலில் வைத்து வெட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஸ்வப்ரா எட்டிப் பார்த்து, "இது மருந்து மாதிரி இருக்கு. போன வருஷம் மஞ்சளா இருந்துச்சே" என்றாள். உள்ளிருந்து நர்கீஸின் கை நீண்டு பிள்ளையை இழுத்துக்கொண்டது.

"மஞ்சள்தானே?" என்றாள் பத்தூலி, யாரும் இல்லாத வாசலைப் பார்த்து.

மஞ்சளுக்கு அன்னாசியைப் பிடித்தாள். அங்கேதான் வந்தது வினை. பழச்சாற்றைக் கொதிக்க வைப்பது எங்கள் ஊரில் கிட்டத்தட்ட பாவம். வாசனை போய்விடும் என்பார்கள். அதனால் குளம்புச் சாறு நன்றாக ஆறும்வரை காத்திருந்து, அப்போதுதான் பிழிந்த அன்னாசிச் சாற்றை ஊற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்தாள். மறுநாள் எடுத்தால் தண்ணீர். சாற்றை இன்னும் சுண்டவைத்து ஊற்றினாள், தண்ணீர். எட்டுக் குளம்புக்குப் பன்னிரண்டு போட்டாள், அதே தண்ணீர். மீன் சந்தையிலிருந்து பனிக்கட்டி வாங்கிச் சுற்றி வைத்தாள். அது மீன் வாசனை அடிக்கிற தண்ணீராகியது. குளிர்ப்பெட்டி பழுது என்று நான் ஒரு யோசனை சொன்னேன். அதே பெட்டியில் பக்கத்திலேயே புளி மிட்டாய் கல்போல நின்றுகொண்டிருந்தது. பிறகு நான் யோசனை சொல்லவில்லை.

இருபத்து மூன்றாம் நோன்பன்று அவள் வாசலில் சாம்பிராணி போட்டு, கிண்ணத்தைச் சுற்றிக் காட்டினாள்.

"கண்ணு பட்டிருக்கு. இந்தச் சந்துல எத்தனை கண்ணு!"

"கண்ணு மஞ்சளை மட்டும் பார்க்குமா, புளியை விட்டுடுமா?" என்றேன்.

"உங்க கண்ணு மட்டும் எறும்பு சைஸ் எழுத்தைப் பார்த்துச்சே, அது மாதிரிதான்" என்றாள்.

இருபத்தாறாம் நோன்பு சாயங்காலம். நர்கீஸின் கணவன் ஓமாரி தெருமுனையில் மிஷ்காக்கி சுட்டு விற்பவன். கறித்துண்டுகளைக் கம்பியில் கோத்துக் கரி நெருப்பில் வாட்டுவது. கறியை மசாலா தடவி ஊறவைத்துக் கொடுப்பது நர்கீஸ். அன்றைக்கு அவர்கள் முற்றத்தில் பெரிய சண்டை. நடுவில் உள்ள சுவர் ஒரு பெயருக்குத்தான். பத்தூலி வாசலில் அன்னாசி நறுக்கிக்கொண்டிருந்தாள், நான் என் நாற்காலியில் இருந்தேன்.

"இது கறியா கஞ்சியாடி? கம்பியில குத்தினா வழிஞ்சு வழிஞ்சு விழுது!"

"பச்சைப் பப்பாளி தடவியிருக்கேன், ஒரு மணி நேரத்துல எடுங்கன்னு சொன்னேனா இல்லையா? காலையில இருந்து தூங்கிட்டு இப்ப வந்து கத்துறீங்க. பப்பாளி கறியைத் தின்னுடும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும்!"

"அப்ப இதை என்ன பண்றது?"

"சட்டியில போட்டு வேகவைங்க. வெந்துட்டா பப்பாளியோட பல்லு போயிடும், மேற்கொண்டு தின்னாது."

பத்தூலியின் கத்தி பாதி அன்னாசியில் நின்றது.

"கரானி. நேத்து நோன்பு திறந்தப்ப அன்னாசி தின்னீங்களே, நாக்கு எப்படி இருந்துச்சு?"

"புண்ணாப் போன மாதிரி. இன்னிக்கும் எரியுது."

"அது உங்க நாக்கைத் தின்னிருக்கு." அன்னாசியை எதிரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "நாக்கும் கறிதான், குளம்புச் சாறும் கறிதான். இத்தனை நாளா நான் குளம்பைக் காய்ச்சிக் காய்ச்சி இதுக்குத் தீனி போட்டிருக்கேன்!"

அவளும் வாழ்நாளெல்லாம் பெருநாள் கறிக்குப் பச்சைப் பப்பாளி தடவியவள்தான். கறிச்சட்டியில் தெரிந்த விஷயம் மிட்டாய்த் தட்டில் தெரியாமல் போயிருந்தது. அன்றே அன்னாசிச் சாற்றைச் சட்டியில் ஊற்றி, பாவம் பார்க்காமல், தளதளவென்று ஐந்து நிமிஷம் கொதிக்க வைத்தாள். குளம்புச் சாற்றோடு கலந்து வைத்தாள். மறுநாள் காலையில் தட்டைக் கவிழ்த்தால் விழ மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தது. என்னை வாசலுக்கு அழைத்து உட்காரவைத்து, ஒரு துண்டைச் சுவரில் அடித்துக் காட்டினாள். அது துள்ளி என் மடியில் விழுந்தது.

கடைசியாக ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. கடையில் விற்பதுபோல் சர்க்கரையில் புரட்டினால் கடற்காற்றின் ஈரத்துக்கு அரை மணியில் வேர்த்து ஒழுகியது. சர்க்கரையை விட்டுச் சோளமாவைத் தூவினாள். வெயிலுக்கு மட்டும் அவளிடம் மருந்தில்லை. குளம்பு மிட்டாய் நிழலில் நிற்கும், வெயில் பட்டால் உருகும். அதைத் தெரிந்துகொண்டுதான் பெருநாளுக்குத் தயாரானாள்.

பெருநாள் தொழுகை முடிந்து ஒன்பது மணிக்கு வாசலில் சின்ன மேஜை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, தட்டை வைத்தாள். சாய்சதுரமாக வெட்டிய மஞ்சள் மிட்டாய், இருநூறு துண்டு இருக்கும். பிள்ளைகள் வந்தார்கள். நான்கைந்து அடி தள்ளியே நின்றார்கள். அவர்கள் மிட்டாயைப் பார்த்தார்கள், பிறகு தங்கள் வீட்டு வாசலைப் பார்த்தார்கள். வாசல்களில் தாய்மார் நின்றிருந்தார்கள். "வாங்கடா" என்றாள் பத்தூலி. யாரும் வரவில்லை. நான் எழுந்துபோய் எல்லாரும் பார்க்க ஒன்றைத் தின்றேன். நெருப்பு வைத்தவனே தண்ணீர் ஊற்ற வந்தால் யார் மதிப்பார்கள்? ஒருவரும் மதிக்கவில்லை.

எங்கள் சந்து குறுகல். சூரியன் பத்து மணிக்கு மேல்தான் உள்ளே இறங்கும். அன்று அது மேற்குச் சுவரில் இறங்கி, தரைக்கு வந்து, மேஜையின் காலைத் தொட்டது. பிறகு தட்டின் ஓரத்தைத் தொட்டது. ஓரத்துத் துண்டுகளின் முனை மழுங்கியது.

"உள்ளே எடுத்து வை பத்தூலி" என்றேன்.

"உள்ள போனா மறுபடி வெளிய வராது கரானி. நானும் வர மாட்டேன்."

அவள் கை மேஜையைப் பிடித்திருந்தது. அழவில்லை, தட்டையும் பார்க்கவில்லை. முன்வரிசைத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பித்தன.

நர்கீஸ் தன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். சமைக்கத் தெரிந்தவளுக்குப் பண்டம் கண்ணெதிரே வீணாவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. இரண்டு தடவை உள்ளே போனாள், இரண்டு தடவையும் வெளியே வந்தாள். பிறகு விறுவிறுவென்று மேஜைக்கு வந்தாள்.

"உருகுதுடி."

"தெரியுது."

"நிழலுக்கு இழுத்து வையேன்."

"இழுக்க மாட்டேன்."

நர்கீஸ் ஒரு விரலால் நடுத்துண்டை அழுத்தினாள். அது அமுங்கி மீண்டும் எழுந்தது. முகர்ந்து பார்த்தாள்.

"அன்னாசியா?"

"ம்."

"அன்னாசி போட்டு எப்படிடி நின்னுச்சு? அது கறியைக் கரைச்சுடுமே, பப்பாளி மாதிரி!"

"சாறைக் கொதிக்க வெச்சேன். வெந்துட்டா பல்லு போயிடும்னு நீதானே உன் புருஷன்கிட்ட கத்துனே."

"ஒட்டுக் கேட்டியா?"

"நீ கத்துனதுக்கு ஒட்டு வேற கேக்கணுமாக்கும்!"

நர்கீஸ் சிரித்துவிடாமல் உதட்டைக் கடித்தாள். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். சந்து மொத்தமும் அவள் தாடையைப் பார்த்தது. அவள் அவசரப்படாமல் மென்றாள், விழுங்கினாள்.

"இஞ்சி பத்தாது" என்றாள். "இனிப்பும் ஒரு கரண்டி ஜாஸ்தி. அடியில லேசா குளம்பு வாடை அடிக்குது."

பத்தூலி வாயைத் திறந்தாள். பதிலுக்கு நாலு கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். தட்டை நர்கீஸ் பக்கம் நகர்த்தினாள்.

நர்கீஸ் இன்னொரு துண்டை எடுத்தாள். "ஸ்வப்ரா, இங்க வா. வாயைத் திற" என்றாள். போன வருஷம் தோண்டி எடுத்த அதே இரண்டு விரலால் மிட்டாயைப் பிள்ளையின் வாய்க்குள் வைத்தாள்.

அப்புறம் தட்டைப் பார்க்க முடியவில்லை, பிள்ளைகளின் தலைகள்தான் தெரிந்தன. தாய்மாரும் வந்தார்கள். ஒருத்தி ஏலக்காய் போட்டிருக்கலாம் என்றாள், ஒருத்தி துண்டு சின்னது என்றாள், ஒருத்தி பல்லில் ஒட்டுகிறது என்று சண்டைக்கே வந்தாள். நர்கீஸ் கையைத் துடைத்துக்கொண்டு தன் வீட்டைப் பார்க்க நடந்தாள். பாதி வழியில் திரும்பினாள்.

"மத்தியானம் மிஷ்காக்கி அனுப்புறேன். தட்டு காலியா வரக் கூடாது, சொல்லிட்டேன்."

மேஜையில் மஞ்சள் கறை படிந்த துணிதான் மிச்சமிருந்தது. பத்தூலி அதை உருவி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள், சோளமாவெல்லாம் கன்னத்தில் ஒட்டியது. நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டதும் துணியை இறக்கினாள்.

"என்ன பார்க்குறீங்க கரானி? இதுல எதுவும் எழுதியில்ல. எழுந்து மேஜையைப் பிடிங்க."

நான் எழுந்து ஒரு பக்கம் பிடித்தேன். இருவருமாக மேஜையை உள்ளே கொண்டுபோய் வைத்தோம்.